புனுவல் படத்தில் விருந்தாளிகள் இரண்டு முறை வருவது என் பென்டிரைவ் கோளாறா?

மஸ்கெலியா மூடுபனி:
எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் போயாவுக்குப் போயா, அதாவது பௌர்ணமிக்குப் பௌர்ணமி, ஒரு படம் போடுகிறோம். திரை என்று தனியாக இல்லை, அப்பாவின் வெள்ளை வேட்டிதான். போன போயாவுக்கு ஸ்பானிய இயக்குநர் லூயி புனுவலின் 'எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' போட்டேன். 1962இல் மெக்சிக்கோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்.

ஒபரா பார்த்துவிட்டு ஒரு பணக்காரக் கூட்டம் மாளிகைக்கு விருந்துக்கு வருகிறது. வாசலில் நுழைகிறார்கள், வீட்டுக்காரர் வேலைக்காரனைக் கூப்பிடுகிறார், மாடியேறுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே ஆட்கள் அதே வாசலில் திரும்பவும் நுழைந்து, திரும்பவும் மாடியேறுகிறார்கள். பின்னாலிருந்து "தம்பி, படம் சிக்கிருச்சு" என்று ஒரே சத்தம். நானும் பதறிப்போய் நிறுத்தி, கொஞ்சம் தள்ளி ஓட்டிவிட்டேன். இது பென்டிரைவ் கோளாறா, அந்த மனுசனின் வேலையா?

இன்னொன்று. விருந்து முடிந்த பிறகு ஒருவராலும் அந்த அறையைவிட்டு வெளியேற முடியவில்லை. பூட்டு இல்லை, தடுக்க ஆள் இல்லை. ஆனாலும் நாள்கணக்கில் உள்ளேயே கிடந்து நாறுகிறார்கள். தண்ணீருக்காகச் சுவரை உடைத்துக் குழாயைப் பிளக்கிறார்கள். உள்ளே வந்த ஆட்டை அடித்துச் சுட்டுத் தின்கிறார்கள். ஏன், ஏன் என்று எல்லாரும் என்னைக் குடைந்துவிட்டார்கள். துரை பங்களாவில் முப்பது வருசம் கோக்கியாக (சமையல்காரராக) இருந்த தாத்தா ஒருவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. படம் தொடங்கும்போதே வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டார். "கதவத் தொறந்து விட ஆளில்லாட்டி தொரைமாருக்கு வெளிய போகத் தெரியுமா?" என்றார். அவ்வளவுதானா விசயம்?

பழைய ஒப்பரேட்டர், பண்டாரவளை:
தம்பி, பென்டிரைவைத் திட்டாதீர்கள். வேண்டுமென்றே செய்ததுதான். இரண்டாம் முறை கோணம் கொஞ்சம் மாறியிருக்கும், ஓட்டிப் பாருங்கள். வீட்டுக்காரர் எழுந்து வாழ்த்துச் சொல்வதும் இரண்டு முறை வரும். முதல் தடவை எல்லாரும் கேட்பார்கள். அடுத்த தடவை ஒருவரும் சட்டை செய்ய மாட்டார்கள். நான் ரீல் ஓட்டிய காலத்தில் இந்தப் படம் வந்திருந்தால் கேபினுக்குள் புகுந்து என்னை அடித்திருப்பார்கள்.

அடிக்குப் புனுவலும் தயாராகத்தான் இருந்திருக்கிறார். 1929இல் ஓவியர் சால்வடோர் டாலியோடு சேர்ந்து எழுதிய முதல் படத்தைப் பாரிசில் போட்டபோது, கலாட்டா வந்தால் எறிவதற்குப் பைகளில் கல்லை நிரப்பிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றாராம். பெண்ணின் கண்ணைச் சவரக்கத்தியால் கீறுகிற படம் அதுதான் (கீறியது கன்றுக்குட்டியின் கண்ணை). விழுந்ததோ கைதட்டல். கலாட்டா அடுத்த வருசம் 'லாஜ் தோர்' படத்துக்குத்தான் வந்தது. திரையில் மை வீசினார்கள், படத்துக்கே தடை வந்தது.

லிந்துலை டீச்சர்:
எப்போது பார்த்தாலும் அந்தச் சவரக்கத்திதானா! எனக்குச் சலித்துவிட்டது. அவருடைய உண்மையான குறும்பு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வதில் இருக்கிறது. 1974இல் எடுத்த 'ஃபேன்டம் ஒஃப் லிபர்டி'யில் ஒரு வீட்டாரும் விருந்தாளிகளும் மேசையைச் சுற்றிக் கழிப்பறைக் கோப்பைகளில் உட்கார்ந்து மரியாதையாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பசித்தால் எழுந்துபோய், ஒரு சின்ன அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரகசியமாகச் சாப்பிட வேண்டும். யாரும் சிரிப்பதில்லை. கெமரா கண் சிமிட்டுவதில்லை. ஒரு ஆள் சிரித்திருந்தாலும் அது வெறும் துணுக்காகப் போயிருக்கும்.

கோக்கி தாத்தா சொன்னது அருமை. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பட்லர் ஒருவன் போகாமல் நிற்கிறானே, அவனும் அல்லவா உள்ளே மாட்டிக்கொள்கிறான்? கடைசியில் கோயிலில் பூசை முடிந்ததும் பாதிரிமாருக்கும் அதே கதிதான். காரணம் ஒன்றைக் கையில் கொடுத்தால் நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவோம் என்று புனுவலுக்குத் தெரியும்.

தப்புக்காரன் மகன், ஹட்டன்:
டீச்சர், கோயிலைக் கிண்டல் செய்தார் என்று மட்டும் பார்க்காதீர்கள், அவர் அதற்குள் வளர்ந்த ஆள். சேசு சபைப் பள்ளியில் படித்தவர். பிறந்த ஊர் ஸ்பெயினில் கலாந்தா. அங்கே பெரிய வெள்ளி மதியம் தொடங்கி மறுநாள் வரை ஊரே கூடி முரசு அடிக்கும், கை தோல் உரிகிற வரைக்கும். அந்தச் சத்தத்தைத் தன் படங்களில் திரும்பத் திரும்ப வைத்தார். காமன் கூத்தில் விடிய விடிய தப்படித்துவிட்டு அப்பா கையைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

எனக்கு அவரைப் பிடித்தது ஏழைகளை அவர் எடுத்த விதத்தில். 'லாஸ் ஒல்விதாதோஸ்' (1950) மெக்சிக்கோ நகரச் சேரிப் பையன்களின் கதை. அதில் வரும் குருடன் நல்லவன் இல்லை. பையன்களும் அவனைக் கல்லால் அடிக்கிறார்கள். மெக்சிக்கோவிலேயே அந்தப் படத்துக்குக் கடும் எதிர்ப்பு. 1951இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்த பிறகுதான் அடங்கியது. நம்மைப் பற்றி எடுக்கிறவர்களோ கொழுந்துக்கூடையையும் கண்ணீரையும் விட்டால் வேறு காட்ட மாட்டேன் என்கிறார்கள். நம் லயத்து வரிசை வீடுகளில் ஒரு கள்ளன், ஒரு கஞ்சன், ஒரு வம்புக்காரி கிடையாதா?

மஸ்கெலியா மூடுபனி:
எல்லாருக்கும் நன்றி. ஓட்டிப் பார்த்தேன், ஒப்பரேட்டர் ஐயா சொன்னபடி கோணம் மாறித்தான் இருக்கிறது. பட்லர் கேள்வியைத் தாத்தாவிடம் கொண்டுபோனேன். வெற்றிலையை மென்றுகொண்டே ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம், "அவன் ஏன் நின்னான்னு எனக்குந்தான் வெளங்கல. மறுபடி போடு, பார்ப்பம்" என்றார்.

வருகிற போயாவுக்கு 'லாஸ் ஒல்விதாதோஸ்'. தமிழ் சப்டைட்டில் கிடைக்கவில்லை, பக்கத்தில் நின்று நான்தான் கதை சொல்ல வேண்டும். படம் சிக்கினாலும் இந்த முறை கை வைக்க மாட்டேன்.