பாதி ரேட்டுக்கு சார்ட்டர் ஃப்ளைட் தரேங்குறார், நம்பி போகலாமா?

வானம்பாடி:
வயசானவங்க கூட வர்றதால சின்ன விமானம் சார்ட்டர் எடுக்கலாம்னு, அதாவது முழு விமானத்தையும் எங்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கோம். தெரிஞ்சவர் மூலமா வந்த ஒருத்தர் மத்தவங்க சொன்னதுல பாதி ரேட்டுக்கு தரேங்குறார். ஆனா விமானத்த நாங்களே லீஸுக்கு எடுக்குற மாதிரி ஒரு பேப்பர்ல கையெழுத்து போடணுமாம், பைலட்டுக்கு தனியா பணம் குடுக்கணுமாம். இது வழக்கம்தானா?

ரன்வே ராஜா:
தயவுசெஞ்சு கையெழுத்து போடாதீங்க. சட்டவிரோத சார்ட்டர்ல அடிக்கடி நடக்குற வேலையே இதுதான். லீஸ்னு எழுதிட்டா பைலட்டோட தகுதி, மெயின்டெனன்ஸ், வானிலை சரியில்லனா கிளம்பாம நிறுத்துறது எல்லாமே உங்க பொறுப்புன்னு காகிதத்துல ஆயிடும், நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்காரங்க கைய விரிச்சிடுவாங்க. ஆபரேட்டரோட லைசென்ஸ் காப்பி கேளுங்க. பணம் வாங்கி ஆள் ஏத்துறதுக்கான அந்த அனுமதிக்கு பேரு, அமெரிக்கான்னா பார்ட் 135, இந்தியான்னா விமானத்துறை கண்காணிப்பு அமைப்பான டிஜிசிஏ குடுக்குற என்எஸ்ஓபி, ஐரோப்பால ஏஓசி. லைசென்ஸ் இருந்தா மட்டும் போதாது, நீங்க ஏறப்போற விமானத்தோட டெய்ல் நம்பர் (விமானத்து மேல எழுதியிருக்குற பதிவு எண்) அதுல இருக்கான்னும் பாக்கணும்.

தென்றல்:
ஃபுட்பால் வீரர் எமிலியானோ சாலா 2019 ஜனவரி 21 ராத்திரி பிரான்ஸ்ல இருக்குற நான்ட்டுல இருந்து பிரிட்டன்ல இருக்குற கார்டிஃப் போறப்ப கடல்ல விழுந்து இறந்தாரே, அதுவும் இப்படி சட்டவிரோதமா ஏற்பாடு பண்ண ஃப்ளைட்தான். பைலட்கிட்ட பிரைவேட் லைசென்ஸ் மட்டும்தான், ராத்திரி ஓட்டுற தகுதி கிடையாது, அந்த ஒத்த எஞ்சின் விமானத்துக்கு பணம் வாங்கி ஆள் ஏத்த அனுமதியும் இல்ல. எஞ்சின் புகை போற எக்ஸாஸ்ட்ல இருந்து கார்பன் மோனாக்சைடுங்குற விஷவாயு கேபினுக்குள்ள வந்திருக்குன்னு விசாரணைல தெரிஞ்சுது. ஏற்பாடு பண்ணவருக்கு 2021-ல 18 மாசம் ஜெயில். அத படிச்சதுல இருந்து மலிவா கிடைக்குதுன்னு யாராவது சொன்னாலே எனக்கு பயமா இருக்கு.

ரன்வே ராஜா:
பாதி ரேட்னாலே திருட்டுன்னு சொல்லிட முடியாது தென்றல், ஒருத்தர இறக்கிவிட்டுட்டு காலியா திரும்புற விமானத்த எம்ப்டி லெக்னு கம்மியா குடுப்பாங்க. ஆனா அப்பவும் ஓட்டுறது லைசென்ஸ் உள்ள ஆபரேட்டராதான் இருக்கணும்.

வானம்பாடி:
நன்றி. புரோக்கர் மூலமா போனா சேஃபா?

ரன்வே ராஜா:
புரோக்கர் விமானம் ஓட்டுறதில்ல, அதனால யாரு ஆபரேட்டர்னு பேரு காண்ட்ராக்ட்ல எழுதி வாங்குங்க. அந்த ஆபரேட்டர் ஆர்கஸ், வைவர்ன், ஐஎஸ்-பிஏஓ மாதிரி பாதுகாப்பு ஆடிட் முடிச்சவங்களா இருந்தா இன்னும் நல்லது. ரெண்டு பைலட் வருவாங்களான்னு கேளுங்க. கடைசி நேரத்துல வேற விமானம் வந்து நின்னா, அதோட டெய்ல் நம்பரையும் லைசென்ஸோட ஒத்துப் பாக்காம ஏறாதீங்க.