ம்லியெட் தீவு: ஒரு நாள் போதுமா, தங்க வேண்டுமா?

தெற்குக்காற்று:
ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். செப்டம்பர் இரண்டாம் வாரம் ஆறு நாள் விடுப்பு, குரோஷியா என்று முடிவாகிவிட்டது. நானும் மனைவியும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் போகிறோம். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு, சமதரையில் எவ்வளவு தூரமும் நடப்பார், ஏற்றம்தான் முடியாது. சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். எங்களுக்குக் கூட்டமில்லாத, மரம் நிறைய உள்ள ஒரு தீவு வேண்டும். ஹ்வார், கோர்ச்சுலா இரண்டிலும் கூட்டம் அதிகம் என்கிறார்கள், ம்லியெட் என்று ஒரு நண்பர் சொன்னார். கடலோர நகரமான துப்ரோவ்னிக்கில் தங்கிக்கொண்டு ஒரு நாள் போய்விட்டு வந்தால் போதுமா? அம்மா ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசாவில் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவானது) வந்திருக்கிறார், அது குரோஷியாவுக்குச் செல்லுமா என்பதும் தெரிய வேண்டும்.

பைன்நிழல்:
ஒரு நாள் போதாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், முதல் முறை நாங்களும் அப்படித்தான் போனோம். காலையில் துப்ரோவ்னிக்கிலிருந்து அதிவேகப் படகில் ஏறி, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து ம்லியெட்டின் பொலாச்சே துறைமுகத்தில் இறங்கி, அங்குள்ள தேசியப் பூங்காவுக்கு டிக்கெட் வாங்கி, ஏரிக்கு ஓடி, ஏரி நடுவே குட்டித் தீவில் இருக்கும் மடத்தைப் பார்த்துவிட்டு, மாலைப் படகைப் பிடிக்க மறுபடி ஓடினோம். எங்களோடு வந்த அத்தனை பேரும் அதே நேரத்தில் அதே இடத்தில்தான் நின்றார்கள். அடுத்த வருடம் நான்கு இரவு தங்கிய பிறகுதான் எதைத் தவறவிட்டோம் என்று புரிந்தது. மாலைப் படகு போனதும் அந்த ஏரிக்கரை முழுக்க அமைதியாகிவிடும். பைன் மரங்களின் வாசனை, துடுப்புப் படகு ஒன்றிரண்டு, அவ்வளவுதான்.

ஏரி என்று சொல்கிறோமே தவிர அது கடல்நீர். பெரிய ஏரி, சின்ன ஏரி என்று இரண்டு. பெரிய ஏரி ஒரு குறுகிய வாய்க்கால் வழியாகக் கடலோடு சேர்கிறது, இரண்டு ஏரிகளுக்கும் நடுவே இன்னொரு வாய்க்கால், அதன் மேல் சின்னப் பாலம். கடல் ஏறும்போது நீர் ஒரு பக்கம் ஓடும், இறங்கும்போது மறுபக்கம் திரும்பும். அந்த ஓட்டத்தில் மல்லாந்து படுத்து மிதந்து போவது எல்லோருக்கும் பிடித்த விளையாட்டு. கோடையில் சின்ன ஏரியின் நீர் வெளிக்கடலைவிட வெதுவெதுப்பாக இருக்கும், செப்டம்பரிலும் தாராளமாகக் குளிக்கலாம்.

பெரிய ஏரிக்குள் இருக்கும் குட்டித் தீவில் 12ஆம் நூற்றாண்டு பெனடிக்டைன் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடம் இருக்கிறது. அதற்குப் போகும் படகு பூங்கா டிக்கெட்டிலேயே அடங்கும். ம்லியெட் தீவு நீளவாக்கில் ஏறத்தாழ 37 கி.மீ., குறுக்கே மூன்று கி.மீ.தான், எழுபது சதவீதத்துக்கு மேல் காடு. மேற்குப் பகுதி 1960இலிருந்து தேசியப் பூங்கா.

விசா விஷயம்: குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில் சேர்ந்துவிட்டது, யூரோவும் அன்றே வந்தது. அம்மாவின் விசாவில் நாட்கள் மீதம் இருந்தால் தனி விசா வேண்டாம்.

ஒற்றைத்துடுப்பு:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பூங்காவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். காரோடு போகிறீர்கள் என்றால் பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்தில் ப்ராப்ராத்னோ என்ற இடத்திலிருந்து பெரிய ஃபெரி ம்லியெட்டின் சோப்ரா துறைமுகத்துக்குப் போகும், முக்கால் மணி நேரம். கார் இருந்தால் கிழக்கு முனைக்குப் போகலாம், அங்கே சப்லுனாராவில் மணல் கடற்கரை. குரோஷியாவில் பெரும்பாலும் கூழாங்கல்லும் பாறையும்தான், அதனால் மணலைப் பார்த்தாலே மனசு நிறையும். பைன் மரம் கடற்கரை வரைக்கும் வந்து நிற்கும். சாலை ஒடுங்கியது, வளைவு அதிகம், மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.

ஒடிசியஸ் குகை என்று ஒன்றைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். பாபினோ பொல்யே ஊரிலிருந்து கல்லும் முள்ளுமான பாதையில் கீழே இறங்கணும், அதே பாதையில் வெயிலில் ஏறி வரணும். அம்மாவை அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

அப்புறம், தீவில் கீரிப்பிள்ளை குறுக்கே ஓடினால் ஆச்சரியப்பட வேண்டாம். அது நம் நாட்டுக் கீரிதான். அந்தக் காலத்தில் தீவு முழுக்க விரியன் பாம்பு, ஜனங்கள் தோட்டத்துக்குப் போகவே பயந்தார்கள் என்பதால் 1910இல் கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பாம்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் கீரி பாம்போடு நிற்கவில்லை, பறவை, பல்லி, கோழி எல்லாவற்றையும் பிடித்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியமே அதை அயல் ஊடுருவல் உயிரினப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யாரும் கேட்காமல் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள், அது தன் பிழைப்பைப் பார்த்தது.

புளியோதரை:
நான் என் மாமியாரோடு போனவள், அதனால் அம்மா பற்றி மட்டும் சொல்கிறேன். பெரிய ஏரியின் கரையிலேயே பாபினே குச்சே என்று சில வீடுகள் கொண்ட சின்ன ஊர் இருக்கிறது, அங்கே அறை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். வாசலில் இறங்கினால் ஏரி, கரையோரமாகச் சமதரைப் பாதை, சின்னப் பாலம் வரைக்கும் ஏற்றமே கிடையாது. என் மாமியார் தினமும் காலை காப்பி குடித்ததும் தனியாகவே போய் வருவார். கடல் சேரும் வாய்க்காலுக்கு மேல் பாலம் இல்லாததால் ஏரியை முழு வட்டமாகச் சுற்ற முடியாது, போன வழியே திரும்பணும், இதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். நீங்கள் இருவரும் ஒரு நாள் அதிகாலையில் மொன்டோகுட்ஸ் குன்றில் ஏறிவிட்டு வாருங்கள், 253 மீட்டர்தான், மேலிருந்து இரண்டு ஏரியும் தெரியும்.

சாப்பாடு கொஞ்சம் சிரமம். மீன், ஆக்டோபஸ், ஆட்டுக்கறி எல்லாம் பேகா என்ற மூடியால் மூடி, மேலே தணல் போட்டு வேகவைப்பார்கள், அதுதான் அங்கே விசேஷம். சைவத்துக்கு பிளித்வா கேளுங்கள், உருளைக்கிழங்கும் கீரையும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்தது, நம் கீரை மசியலுக்குத் தூரத்து உறவு மாதிரி இருக்கும். ஆட்டுப்பால் சீஸும் நன்றாக இருக்கும். ஆனாலும் சமையலறை உள்ள வீடாக எடுத்து, அரிசி, பருப்பு, புளி, ஒரு சின்ன குக்கர் எடுத்துப் போங்கள். தீவுக் கடைகள் சின்னவை, காய்கறியைத் துப்ரோவ்னிக்கிலேயே வாங்கிவிடுங்கள்.

தெற்குக்காற்று:
அனைவருக்கும் மிக்க நன்றி. நான்கு இரவு ம்லியெட், ஒரு இரவு துப்ரோவ்னிக் என்று மாற்றிவிட்டோம். பாபினே குச்சேயில் இரண்டு இடத்துக்கு எழுதியிருக்கிறேன். கீரி கதையைக் கேட்டதிலிருந்து அம்மா அதைப் பார்த்தே ஆகணும் என்கிறார். எந்த நேரத்தில் தென்படும்?

ஒற்றைத்துடுப்பு:
பகலில்தான் திரியும். நான் பார்த்த இரண்டு முறையும் காலை ஒன்பது மணிவாக்கில், சாலையோரக் கல் சுவர் பக்கம்.