ஆம்ஸ்டர்டாமிலிருந்து லிப்ட் கேட்டு பெர்லின் போக எங்கே நிற்க வேண்டும்?

செக்காலை ரோடு:
வணக்கம். காரைக்குடியிலிருந்து செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமுக்குப் படிக்கப் போகிறேன். அக்டோபர் மூன்றாவது வாரம் லீவு. நண்பன் பெர்லினில் இருக்கிறான். ரயில் டிக்கெட் விலையைப் பார்த்தால் ஒரு மாத மளிகைக்காசு போய்விடும் போலிருக்கிறது. அதனால் லிப்ட் கேட்டே போகலாம் என்று யோசனை. என் திட்டம்: சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடந்து ஏ10 ரிங் ரோடு ஏறும் இடத்துக்குப் போய், 'பெர்லின்' என்று எழுதிய அட்டையோடு நிற்பது. காலை பத்து மணிக்குக் கிளம்பினால் ராத்திரிக்குள் சேரலாமா? லிப்ட் கேட்பது அங்கே சட்டப்படி சரியா? செலவுக்கு 40 யூரோதான். விவரம் தெரிந்த அண்ணன்மார், ஆச்சிமார் சொல்லுங்கள்.

ரஸ்தா பயணி:
தம்பி, லிப்ட் கேட்பதில் தப்பில்லை. நிற்கிற இடம்தான் தப்பாகிவிடும். டச்சுக்காரர்களும் இதை 'லிஃப்டன்' என்றுதான் சொல்வார்கள், கேட்கிறவன் 'லிஃப்டர்'. நம்ம ஊர்ப் பேச்சே அங்கே செல்லும், அந்தக் கவலை விட்டது.

அதிவேகச் சாலையில் நடந்துபோகிறவனுக்கு இடமில்லை, காரும் நடுவழியில் நிறுத்தக்கூடாது. நீலப் பலகையில் வெள்ளையாக இரட்டைச் சாலையும், அதன் மேல் குறுக்கே ஒரு பாலமும் வரைந்திருக்கும். அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நிற்கலாம். தாண்டி நின்றால் போலீஸ் வந்து இறக்கிவிடும், அபராதமும் உண்டு. நீ சொல்லும் ரிங் ரோடு ஏற்றங்களில் பலகைக்கு முன்னால் கார் ஒதுங்க இடமே பெரும்பாலும் இருக்காது. போதாக்குறைக்கு ரிங்கில் ஏறும் வண்டிகளில் பாதி, ஊருக்குள்ளேயே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் போகிறவை.

சென்ட்ரலில் மெட்ரோ 51, 53, 54 எதில் ஏறினாலும் ஐந்தாவது நிறுத்தம் ஆம்ஸ்டல். வங்கி அட்டையையே கதவில் தட்டி ஏறலாம், இறங்கும்போதும் தட்ட மறக்காதே. ஸ்டேஷனை ஒட்டியே பிரின்ஸ் பெர்ன்ஹார்ட்பிளைன் என்ற சதுக்கம். லிப்ட் கேட்கவென்றே நகரம் ஒதுக்கிய இடம் அங்கே இருக்கிறது, 'லிஃப்ட்பிளாட்ஸ்' என்பார்கள். கட்டைவிரல் படம் போட்ட பலகை வைத்த இடம். அங்கிருந்து கோயிஸவெக் என்ற எஸ்112 சாலை நேரே ரிங்குக்குப் போகிறது. சிக்னலில் நின்று கிளம்பும் வண்டிகள் மெதுவாகத்தான் வரும், ஓட்டுகிறவர் உன் முகத்தைப் பார்க்க நேரமிருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் மேப்பில் தெருக்காட்சியைத் திறந்து எந்த ஓரம் என்று பார்த்துக்கொள்.

நம்ம ஊர்க்காரன் தவறுவது ஓரத்தில்தான். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும், நீயும் வலது ஓரத்தில்தான் நிற்க வேண்டும். ஓட்டுநர் இடது சீட்டில் இருப்பார், உன் கதவு வலப்பக்கம். சிவப்புத் தார் போட்ட பாதை சைக்கிளுக்கு உரியது. அதில் கால் வைத்தால் மணியடித்துத் திட்டுவார்கள்.

செக்காலை ரோடு:
நன்றி அண்ணே. அப்படியானால் அந்தச் சதுக்கத்தில் 'பெர்லின்' அட்டையோடு நிற்கலாம்தானே?

ஆத்தங்குடிக்கல்:
வேண்டாம். செக்காலை ரோட்டில் நின்று 'சென்னை' என்று அட்டை காட்டினால் திருச்சி போகிறவன் நிறுத்துவானா? 650 கிலோமீட்டர் அப்பால் உள்ள பெயரைப் பார்த்தால், அமெர்ஸ்ஃபோர்ட் வரை போகிறவன் 'நமக்கில்லை' என்று தாண்டிவிடுவான். ஆம்ஸ்டலிலிருந்து கிளம்பும் கூட்டம் ரிங்கில் ஏறியதும் பிரிகிறது: வாட்டர்கிராஃப்ஸ்மேர் சந்திப்பில் ஏ1, ஆம்ஸ்டல் சந்திப்பில் ஏ2. ஏ2 உட்ரெக்ட் வழியாகத் தெற்கே போகும், உனக்கு வேண்டியது ஏ1. அட்டையில் பெரிதாக 'ஏ1', அதன் கீழே அந்தச் சாலையில் கிழக்கே உள்ள ஊரான 'அப்பெல்டோர்ன்'. இதைச் சொல்வதற்குக் காரணம், ஏ1-இல் கொஞ்ச தூரத்திலேயே அல்மேரா போகும் ஏ6 பிரியும், பிறகு ஹூஃபலாகனில் வடக்கே ஏ28 பிரியும். ஊர்ப்பெயர் இருந்தால் அந்த வண்டிகள் தாமாகவே கழிந்துவிடும்.

அட்டைக்குக் காசு கொடுக்காதே, சூப்பர்மார்க்கெட்டில் காலிப் பெட்டி கிடைக்கும். ஏ3 தாள் அளவு போதும். தடித்த முனை மார்க்கர், எழுத்து அட்டை கொள்ளுமளவு பெரிதாக, கோடு விரல் தடிமன். மழைக்கு மேலே பிளாஸ்டிக் உறை. இன்னொரு துண்டில் 'ஹனோவர்', கடைசித் துண்டில் 'பெர்லின்'.

இனி முக்கியமானது. முதல் லிப்ட் ஆம்ஸ்டர்டாமைத் தாண்டியதும் இன்னொரு ஊருக்குள் மட்டும் இறங்காதே. 'அமெர்ஸ்ஃபோர்ட் சென்டரில் இறக்கிவிடுகிறேன்' என்று அன்போடு சொல்வார்கள். ஏற்றுக்கொண்டால் மறுபடி ஊரைவிட்டு வெளியேற ஒன்றரை மணி நேரம் போகும். சந்திப்பில் இறங்குவது அதைவிட மோசம், நாலு பக்கமும் அதிவேகச் சாலை, நிற்கவே இடமில்லை. ஏறியதும் கேள்: 'நீங்கள் ஏ1-ஐ விட்டு இறங்குவதற்கு முன் கடைசி பெட்ரோல் பங்க் எது? அங்கே இறக்கிவிடுங்கள்.' வெறும் பார்க்கிங் மட்டும் உள்ள இடங்களும் வரும், அவை வேண்டாம். பங்க்கும் கடையும் சேர்ந்த இடமே வேண்டும்.

பங்க்கில் கட்டைவிரலுக்கு வேலையில்லை, வாய்க்குத்தான் வேலை. எண்ணெய் போட்டுவிட்டுக் காசு கட்டி வெளியே வருகிறவரிடம் கேள். குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் எரிச்சல்படுவார்கள். முதலில் நம்பர் பிளேட்டைப் பார். மஞ்சள் என்றால் டச்சு, பெரும்பாலும் உள்ளூர். வெள்ளையில் 'டி' இருந்தால் ஜெர்மனி. முதல் எழுத்து 'பி' பெர்லின், 'ஹெச்' ஹனோவர், 'ஓஎஸ்' ஒஸ்னாப்ரூக். உனக்குச் சீட்டு விழுவது 'பிஎல்' போட்ட போலந்து வேன்களில். அவர்கள் ஏ1, ஜெர்மன் ஏ30, பாட் ஓய்ன்ஹவுசன் அருகே ஏ2 என்று பெர்லின் ஓரமாகவே போகிறார்கள்.

லாரியை நம்பியிருக்காதே. 80 கிலோமீட்டர் வேகம், நாலரை மணி ஓட்டினால் 45 நிமிடம் கட்டாய ஓய்வு, நிறையக் கம்பெனிகள் வெளியாளை ஏற்ற விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கனரக லாரியே இரவு பத்து வரை ஓடாது.

இன்னொரு நுணுக்கம்: நெதர்லாந்தில் பெட்ரோல் விலை அதிகம். எல்லையை நெருங்குகிறவர்கள் ஜெர்மனிக்குள் போய்த்தான் நிரப்புவார்கள். அதனால் எல்லைக்கு முந்தைய டச்சு பங்க் காய்ந்து கிடக்கும், அங்கே மாட்டிக்கொள்ளாமல் ஒரே வண்டியில் எல்லையைக் கடக்கப் பார்.

கண்டாங்கி:
ரெண்டு பேரும் சாலையைச் சொல்லிவிட்டீர்கள், கடிகாரத்தையும் காகிதத்தையும் நான் சொல்கிறேன்.

தம்பி, பத்து மணி தாமதம். அக்டோபர் 20 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் விடிவது காலை எட்டேகாலுக்கு, பொழுது சாய்வது மாலை ஆறரைக்கு. கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளிவிட்டால் ஐந்தேகாலுக்கே இருட்டு. நிற்காமல் காரில் போனாலே ஏழு மணி நேரம் பக்கம். காத்திருப்பையும் சேர்த்துப் பத்து, பன்னிரண்டு என்று வைத்துக்கொள். எட்டரைக்கு அந்தச் சதுக்கத்தில் கால் ஊன்றியிருக்க வேண்டும். மதியம் இரண்டுக்குள் ஜெர்மன் பக்கம் போகவில்லையென்றால் திரும்பிவிடுவது மேல். இருட்டில் யாரும் முகம் தெரியாதவனை ஏற்றமாட்டார்கள். கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதே, நெதர்லாந்தில் கண்ட இடத்தில் கூடாரம் போடத் தடை.

ஷெங்கன்தானே (எல்லைச் சோதனையில்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) என்று பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதே. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லையில் மறுபடி சோதனை வைத்தது, டிசம்பரிலிருந்து நெதர்லாந்தும். பாஸ்போர்ட், டி விசா (நீண்ட நாள் தங்குவதற்கானது) அல்லது குடியிருப்பு அட்டை எல்லாம் அசலாகக் கையில் இருக்க வேண்டும். உன்னிடம் சரியாக இல்லையென்றால் ஏற்றிவந்த மனிதருக்கும் தொந்தரவு. ஏறுவதற்கு முன் அவர் எங்கே போகிறார் என்று நீ முதலில் கேள், பிறகு உன் ஊரைச் சொல். மனசுக்குப் பிடிக்கவில்லையென்றால் 'வேறு பக்கம் போகிறேன்' என்று சொல்லி விட்டுவிடலாம். வண்டி எண்ணை நண்பனுக்கு அனுப்பு. பையை டிக்கியில் போடாமல் மடியில் வை. அவசரத்துக்கு இரண்டு நாட்டிலும் 112.

40 யூரோ விஷயம்: மெட்ரோவும் ஜெர்மன் பங்க் கழிப்பறையும் (ஒரு யூரோ கேட்பார்கள்) சில்லறைதான். மிச்சத்தைத் தொடாதே. அது பாதியில் நின்றுபோனால் ரயிலுக்கு. சாப்பாடு கையோடு. மணகோலம் கொண்டுபோனால் டப்பாவைத் திறக்குமுன் காரில் சாப்பிடலாமா என்று கேள், அது சீட்டெல்லாம் உதிரும். ஓட்டுகிறவருக்கு நீட்டுவதென்றால் வேர்க்கடலை இருந்தால் அதைச் சொல்லிவிட்டு நீட்டு, அலர்ஜிக்காரர்கள் அங்கே ஏராளம்.

தனியாக, முதல் தடவை, குளிர்காலத்து வாசலில்... உன் இடத்தில் யாராக இருந்தாலும் போகும்போது லிப்ட், வரும்போது ஃப்ளிக்ஸ்பஸ் என்றுதான் சொல்வேன். திரும்பி வந்து வகுப்புக்குப் போக வேண்டுமே. பஸ் ஸ்லோட்டர்டைக் ஸ்டேஷன் பக்கம் வந்து நிற்கும், முன்கூட்டிப் போட்டால் மலிவு.

செக்காலை ரோடு:
ஆச்சி, நன்றி. பெர்லின் எல்லையில் அந்தப் போலந்து வேன் ஊருக்குள் வராவிட்டால் எங்கே இறங்குவது?

ஆத்தங்குடிக்கல்:
ஏ2 போய் பெர்லின் வெளிவட்டச் சாலையில் முடியும். வேன் அந்த வட்டத்தின் தெற்குப் பக்கமாகக் கிழக்கே போய்விடும். கார்ப்சன் பங்க்கில் (ஹனோவருக்குப் பக்கம்) கொஞ்சம் பொறுத்து, 'பி' பிளேட் கார் கிடைத்தால் அதில் மாறுவது நல்லது. இல்லையென்றால் வட்டத்தில் மிஷன்டார்ஃப் பங்க்கில் இறங்கி அங்கே 'பெர்லின்' அட்டையை எடு. ஓட்டுநர் மனசு வைத்து பாட்ஸ்டாம் ஸ்டேஷனில் விட்டால் எஸ்7 ரயில் இருக்கிறது. ஏ, பி, சி என்பவை பெர்லின் கட்டண மண்டலங்கள், பாட்ஸ்டாம் சி-யில் வரும்; அதனால் ஏபிசி டிக்கெட் எடு, ஏபி செல்லாது.