தனியாக கேனோவில் உப்பனாறு முகத்துவாரம் வரை தூண்டில் போடப் போவது: எங்கெல்லாம் பிசகும்?

கெடிலக்கரை:

வணக்கம். படகு 13 அடி ஃபைபர் கேனோ, மேல்மூடி இல்லாத திறந்த வகை, இரண்டு இருக்கை, எடை 32 கிலோ. போவது நான் ஒருவன்தான். திட்டத்தைச் சொல்கிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

ஜூலை கடைசியில் ஒரு நாள், கடலூர் முதுநகருக்குத் தெற்கே உப்பனாற்றில் காலை 6 மணிக்கு இறக்கி, வற்றத்தோடு (கடல் வடியும்போது வெளியே ஓடும் நீரோடு) வடக்கே முகத்துவாரம் வரை இறங்குவது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர். அன்று ஏற்றம் (கடல்நீர் உள்ளே ஏறுவது) நிறைவது காலை 5 மணி. கல் கொட்டியிருக்கும் இடத்துக்கு அருகே நங்கூரம் போட்டு, கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் லூர் (செயற்கை இரை) வீசி, 11 மணிக்குள் கரை திரும்புவது.

சாமான்: துடுப்பு ஒன்று. மடக்கு நங்கூரம் 1.5 கிலோ, கயிறு 10 மீட்டர் (நடுவில், கைக்கு எட்டும் பக்கச் சட்டத்தில் கட்டலாம் என்று எண்ணம்). ராடு இரண்டு, ஐஸ் பெட்டி 20 லிட்டர். லைஃப் ஜாக்கெட் இருக்கைக்குக் கீழே இருக்கும். ஃபோன் தண்ணீர் புகாத பையில். நீச்சல் நன்றாகத் தெரியும்.

அணியம்:

தம்பி, சாமானைப் பிறகு பார்க்கலாம். நேரக் கணக்குதான் முதலில் உறுத்துது. வற்றத்தில் போய் அதே வற்றத்தில் திரும்பப் பார்க்கிறீங்க. நம்ம கரையில் ஒரு நாளைக்கு ரெண்டு ஏற்றம், ரெண்டு வற்றம். நிறைஞ்சதிலிருந்து வடியறதுக்கு 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். 5 மணிக்கு நிறைஞ்சா 11 தாண்டியும் தண்ணி வெளியேதான் ஓடும்.

கணக்குப் போடுங்க. தனி ஆள், நேரே போகாமல் திரும்பிக்கிட்டே இருக்கிற அகலக் கேனோ, விடாமல் துடுப்புப் போட்டா மணிக்கு 4 கிலோமீட்டர். ஓட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். போகும்போது ரெண்டும் சேர்ந்து 7. இருபது நிமிஷத்தில் முகத்துவாரம் வந்துடும். திரும்பும்போது கையில் மிஞ்சறது 1. அதே தூரத்துக்கு 2 மணி நேரம், வெயிலில், நிறுத்தாமல். மூச்சு வாங்க ஒரு நிமிஷம் துடுப்பை மடியில் வச்சா 50 மீட்டர் பின்னாடி போயிடுவீங்க. போக சுலபமா இருந்துச்சே என்கிற நினைப்புதான் ஆளை ஏமாத்தும்.

வற்றம் 8 மணி வாக்கில் முடியற நாளாப் பாருங்க. 6 மணிக்குக் கடைசி வற்றத்தோட மெதுவா இறங்கி, 8.30, 9 மணிக்கு ஏற்றம் உள்ளே வரும்போது அதோட திரும்பிடலாம். நேரம் நாளுக்கு 50 நிமிஷம் தள்ளிப் போகும், அதனால் பதினைஞ்சு நாளுக்கு ரெண்டு மூணு காலைதான் இந்தக் கணக்குக்குப் பொருந்தும். விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வருதுங்கிறதுக்காக வேற நாளில் இறங்க வேணாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வலுக்கும். அஷ்டமி பக்கம் தளரும்.

இன்னொன்னு: அட்டவணையில் இருக்கிறது துறைமுகத்தில் நீர்மட்டம் எப்போ உச்சம், எப்போ அடி என்கிறது. ஆத்துக்குள்ள ஓட்டம் திரும்பறது அதுக்கும் பிந்தித்தான். கட்டிப் போட்டிருக்கிற படகுகளைப் பாருங்க. ஒத்தை நங்கூரத்தில் நிக்கிற படகு ஓட்டத்தை எதிர்த்து அணியத்தை, அதாவது முன்முனையைக் காட்டும். அது சுழல ஆரம்பிச்சாத்தான் ஏற்றம் உள்ளே வருதுன்னு அர்த்தம். மழைக்காலத்தில் இந்த அடையாளமும் பொய்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேல்நாட்டுத் தண்ணி இறங்கினா, கடல் ஏறும் நேரத்திலும் மேல்நீர் வெளியேதான் ஓடும். அந்த மாசங்களில் முகத்துவாரத்துப் பக்கம் துடுப்புப் படகோட போகவே கூடாது.

இப்போ காற்று. ஜூலையில் காலையில் கச்சான், அதாவது மேற்கிலிருந்து. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று, அதனால் கரையோரத் தண்ணி குளம் மாதிரி கிடக்கும். அலை எழும்ப அதுக்கு இன்னும் தூரம் கிடைக்கலை, அவ்வளவுதான். உப்பனாற்றுக்குள் இருக்கும் வரை கச்சான் உங்களைக் கிழக்குக் கரையில் ஒதுக்கும், தரை தட்டும், பயமில்லை. முகத்துவாரத்தில் கிழக்கே கரை கிடையாது. வற்றமும் கச்சானும் ஒரே திசையில் தள்ளும். மதியத்தில் கடல்காற்று வந்துட்டா வேற ஆபத்து: வெளியே ஓடற வற்றத்தை உள்ளே வர்ற அலை முட்டும்போது அலைக்கு அலை இடைவெளி குறுகி, செங்குத்தா நிமிரும். 13 அடி திறந்த படகு ரெண்டாவது அலையில் நிறைஞ்சிடும்.

என் கருத்து, முகத்துவாரத்துக்கு 500 மீட்டர் முன்னாடியே கரையில் ஒரு அடையாளம் வச்சுக்கிட்டு அதைத் தாண்டக் கூடாது. கொடுவா அதுக்கு உள்ளேயும் இருக்கு.

தேங்காய்த்திட்டு:

நேரத்தைப் பற்றி மேலே சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை. நங்கூரத்தைப் பார்ப்போம். நடுவில், பக்கச் சட்டத்தில் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பட்டியலிலேயே படகைக் கவிழ்க்கக்கூடிய ஏற்பாடு அதுதான். பக்கத்தில் கட்டினால் ஓட்டம் படகைக் குறுக்கே திருப்பும். கயிறு அந்தப் பக்கத்தைக் கீழே இழுக்கும், ஓட்டமும் அதே பக்கத்தில் வந்து மோதும். நீங்கள் கயிற்றை எடுக்க அதே பக்கம் சாய்வீர்கள். மூன்றும் ஒன்று சேர்ந்தால் சில நொடிகளில் கவிழும்.

கயிறு அணியத்தின் நுனியிலிருந்துதான் போக வேண்டும். அமரத்திலிருந்தும் (பின்முனை) விடலாம், ஆனால் ஓட்டம் இருக்கும்போது வேண்டாம். பின்பக்கம் தாழ்ந்து நீர் ஏறும். தனி ஆள் அணியம் வரை எழுந்து போக முடியாது என்பதால், அணியத்தில் ஒரு வளையம் பொருத்தி, கயிற்றை அதன் வழியே விட்டு, மறுமுனையை உங்கள் கைக்கு எட்டும் கிளீட்டில் (முடிச்சில்லாமல் கயிற்றைப் பிடிக்கும் கொம்பு) மாட்டுங்கள். முடிச்சுப் போடாதீர்கள். அந்த முனையில் 2 லிட்டர் பாட்டில் ஒன்றை மிதவையாகக் கட்டுங்கள். பெரிய மீன் இழுத்தாலும் விசைப்படகு நேரே வந்தாலும் கிளீட்டிலிருந்து கயிற்றை உருவி, மிதவையோடு நீரில் போட்டுவிட்டு விலகிப் போகலாம், பிறகு வந்து எடுக்கலாம். மிதவை அணிய வளையத்துக்குள் நுழையாது, ஆகவே அந்த வளையம் திறந்து மூடும் வகையாக இருக்கட்டும், அல்லது கயிற்றை வளையத்தில் நேரடியாகக் கோக்காமல் ஒரு காராபினரில் (திறந்து மூடும் கொக்கி வளையம்) விட்டு, அதைத் திறக்க ஒரு சிறு இழுகயிறு வையுங்கள்.

10 மீட்டர் கயிறு போதாது. ஆழம் 3 மீட்டர் என்றால் குறைந்தது 15, ஓட்டம் இருந்தால் 20 மீட்டர். கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரம் படுக்காது, நிமிர்ந்து இழுபடும். மடக்கு நங்கூரம் உப்பனாற்றுச் சேற்றில் சரியாகக் கடிக்காது. முனையில் 1 மீட்டர் சங்கிலி சேர்த்தால் ஓரளவு பிடிக்கும். கல் இடுக்கில் போட்டால் எதிர்த் தொல்லை, மாட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சங்கிலியை நங்கூரத்தின் அடிப்பக்க ஓட்டையில் கட்டி, தண்டோடு மேலே கொண்டு வந்து, மேல் வளையத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டை போட்டு இறுக்குங்கள். மாட்டிக்கொண்டால் பலமாக இழுங்கள்; டை அறுந்து, இழுப்பு அடிப்பக்கத்துக்கு மாறி, நங்கூரம் தலைகீழாகக் கழன்று வரும். ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் நங்கூரமே வேண்டாம், ஒரு மூங்கில் கழியை ஊன்றிக் கட்டுவது மேல்.

வலை கட்டிய கழிகளுக்குப் பக்கத்தில் நங்கூரம் போடாதீர்கள். மாட்டினால் உங்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு போங்கள். வலையை அறுக்காதீர்கள், அது ஒருவருடைய பிழைப்பு.

இன்னொரு குறை: இரண்டு இருக்கைக் கேனோவில் தனி ஆள் பின் இருக்கையில் உட்கார்ந்தால் அணியம் ஒரு சாண் தூக்கிக்கொள்ளும். காற்று அதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும். முன் இருக்கைக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் இடிக்காவிட்டால், அந்த இருக்கையில் திரும்பி உட்கார்ந்து படகைப் பின்பக்கமாக ஓட்டுங்கள், எடை நடுவுக்கு வரும். முடியாவிட்டால் எதிர்முனையில் தண்ணீர் கேன் ஒன்றை 15 லிட்டர் நிரப்பிக் கட்டுங்கள். கல், மணல் மூட்டை கூடாது. கவிழ்ந்தால் கல் படகைக் கீழே இழுக்கும், தண்ணீர் கேன் இழுக்காது.

புதுவைக்காரன்:

லைஃப் ஜாக்கெட் இருக்கைக்கு அடியில் இருந்தால் அது லைஃப் ஜாக்கெட் இல்லை. கவிழ்ந்த பிறகு தண்ணீரில் அதை மாட்ட முடியாது, முயன்று பார்த்தால் தெரியும். கரையிலேயே போட்டு, பக்கவாட்டுப் பட்டைகளை இறுக்கி, தோள் பகுதியைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். மோவாய்க்கு மேலே ஏறினால் அளவு பெரிது. 50 நியூட்டன் என்று எழுதியிருப்பது நீந்தத் தெரிந்தவருக்கு, கரைக்கு அருகே. மயங்கிக் கிடப்பவரின் முகத்தை அது மேலே திருப்பாது.

பாதுகாப்புக்கு ஒரு கயிற்றை இடுப்பிலும் மறுமுனையைப் படகிலும் கட்டிவிடுங்கள், படகு தனியே போகாது.

அணியம்:

இடுப்பில் கயிறு கட்டறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். வலைக்கழி, கல், நங்கூரக் கயிறு இருக்கிற இடத்தில் ஓட்டம் படகை ஒரு பக்கமும் ஆளை ஒரு பக்கமும் இழுத்தா அந்தக் கயிறே நீருக்குள் அழுத்தும். துடுப்பைக் கட்டுங்க, ஐஸ் பெட்டியைக் கட்டுங்க, ஆளைக் கட்ட வேணாம். படகின் ரெண்டு முனையிலும் பிடிச்சுக்க 3 மீட்டர் கயிறு, சுருட்டிச் செருகி வச்சிருந்தாப் போதும். கத்தி ஜாக்கெட்டின் மேலேயே, ஒரு கையால் உருவற மாதிரி இருக்கணும்.

புதுவைக்காரன்:

நீங்கள் சொல்வது சரி. நான் சொன்னது வலையும் கழியும் இல்லாத திறந்த நீருக்கு. அங்கும் ஒரே இழுப்பில் கழலும் பட்டை வேண்டும். முகத்துவாரத்துக்குப் பொருந்தாது.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நங்கூரத்தை மாற்றிவிடுகிறேன், ஜாக்கெட் உடம்பில் இருக்கும். இரண்டு கேள்வி. கவிழ்ந்துவிட்டால் திரும்ப ஏறுவது எப்படி? கொக்கி கையில் ஏறினால்?

தேங்காய்த்திட்டு:

திறந்த கேனோவில், ஆழத்தில், தனி ஆள், மிதவை எதுவும் பொருத்தாமல் திரும்ப ஏறுவது ஏறக்குறைய நடக்காத காரியம். தண்ணீர் நிறைந்த படகில் ஒரு பக்கம் ஏறினால் மறுபடி உருளும். வெறும் ஃபைபர் படகு மூழ்கவும் செய்யும். ஆகவே முன்கூட்டியே இரண்டு முனையிலும் இடத்தை அடைத்து வையுங்கள்: முனைக்கு இரண்டு காலி 20 லிட்டர் கேன், திருகு மூடி உள்ளவை. குடிநீர் கேனின் அழுத்து மூடி தண்ணீரைத் தடுக்காது. அகலப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாக இருந்தால் கேன் மட்டும் மிதந்து போகும், படகு தங்காது. இப்படி இருந்தால் கவிழ்ந்த படகைத் திருப்பி, நடுவில் இரு கையையும் ஊன்றி, காலை உதைத்து வயிற்றைச் சட்டத்தின் மேல் போட்டு, புரண்டு உள்ளே விழலாம். பிறகு 5 லிட்டர் கேனைக் குறுக்கே வெட்டிய மொள்ளியால் இறைக்க வேண்டும். மொள்ளியையும் கட்டி வையுங்கள். ஒரு நாள் இடுப்பளவு நீரில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது, வேண்டுமென்றே கவிழ்த்து ஐந்தாறு முறை பழகுங்கள்.

ஏற முடியாவிட்டால் படகை விட்டு நீந்தாதீர்கள். தலையை யாரும் பார்க்க மாட்டார்கள், படகைப் பார்ப்பார்கள். ஓட்டத்தை எதிர்க்காமல், குறுக்கே கரைப்பக்கமாக உதையுங்கள்.

கரை வந்ததும் எழுந்து நிற்கத் தோன்றும். சேற்றில் முழங்கால் வரை புதையும், சிப்பி காலைக் கிழிக்கும். படகைப் பிடித்தபடி தவழுங்கள். செருப்பு உருவிக்கொண்டு போய்விடும், கயிறு கட்டிய ஷூ போடுங்கள். உவர்நீரில் பட்ட வெட்டுக்காயத்தை நல்ல தண்ணீரில் கழுவாமல் விடக் கூடாது. சீக்கிரம் சீழ் வைக்கும்.

கரைவலை:

கொக்கிக்கு நான். தனியாகப் போனால் ட்ரெபிள் ஹூக்கை (மூன்று முனைக் கொக்கி) கழற்றி ஒற்றைக் கொக்கி மாட்டுங்கள், எதிர்முள்ளை (கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் முள்) குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீன் குதிக்கும்போது ஒரு கொக்கி மீன் வாயிலும் மற்றொன்று உங்கள் உள்ளங்கையிலும் இருப்பதுதான் மோசமான நிலை. நசுக்கிய கொக்கி இரண்டிலிருந்தும் கழலும்.

எதிர்முள் உள்ளே போய்விட்டால்: முதலில் லூரிலிருந்து கொக்கியை வெட்டிப் பிரியுங்கள், அதற்கு நல்ல கட்டிங் பிளையர் வேண்டும். தடித்த தூண்டில் நரம்பை இரண்டாக மடித்துக் கொக்கியின் வளைவில் கோத்து, கொக்கியின் கண் பகுதியைத் தோலோடு அழுத்தியபடி, தோலுக்கு இணையாக வெடுக்கென்று இழுத்தால் வந்துவிடும். இதற்கு இரண்டு கை வேண்டும் என்பதால், தனி ஆளுக்குத் தொடை, கால் என்றால் சரி. கையில் ஏறியிருந்தால் மிச்சத்தை வெட்டிவிட்டு, துணி சுற்றிக்கொண்டு கரைக்கு வாருங்கள். முகம், கழுத்து, மூட்டில் இருந்தால் தொடவே கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

மீனும் குத்தும். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி, அங்கே விரல் விடாமல் கீழ்த்தாடையை கிரிப்பரால் பிடியுங்கள். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்று முள். மடியில் போட்டுக் கொக்கி கழற்றாதீர்கள், நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். திருக்கை மாட்டினால் படகில் ஏற்றவே வேண்டாம். குத்திவிட்டால் தாங்கக்கூடிய வெந்நீர், 45 டிகிரி தாண்டாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம். 1 லிட்டர் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போனால் படகிலேயே கலந்து ஊற்றலாம். சூட்டை மற்றக் கையால் பாருங்கள், குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது.

புதுவைக்காரன்:

ஃபோனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஐஸ் பெட்டியில் வைக்காமல் ஜாக்கெட் பையில் வையுங்கள். ஈரப் பையின் மேல் தொடுதிரை வேலை செய்யாமல் போகும். பொத்தானை அழுத்தியே அவசர அழைப்புப் போகும்படி அமைத்து, வீட்டில் பைக்குள் வைத்தே சோதியுங்கள். கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, பொதுவாக 112. விசில் ஒன்று ஜாக்கெட்டில் தொங்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் அலைத் தொல்லை குறைவு என்று சிலர் இறங்குவார்கள். தத்தளித்தால் பார்க்கும் கண்களும் அப்போது குறைவு, அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை:

கடைசியாக ஒன்று. விசைப்படகு கடக்கும்போது வரும் அலையை எப்படி எடுப்பது?

அணியம்:

பக்கவாட்டில் வாங்காதீங்க. இருக்கையை விட்டு இறங்கி முழங்காலில் உட்காருங்க, முட்டிகள் அகண்டு இருக்கட்டும். அணியத்தை அலைக்கு 45 டிகிரி சாய்வாத் திருப்புங்க. நேருக்கு நேர் வச்சா திறந்த படகில் முனை குத்தித் தண்ணி அள்ளும். துடுப்பைத் தூக்காமல் தண்ணியிலேயே அழுத்தி வச்சிருங்க. முதல் மூணு அலை போனதும் எழுந்துடாதீங்க. கரையில் மோதித் திரும்பி வர்ற அலை எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். நங்கூரத்தில் நிக்கும்போது வந்தா கயிற்றை மிதவையோட விட்டுட்டுத் திரும்புங்க. ரெண்டாவது துடுப்பு பட்டியலில் இல்லை, அதையும் சேர்த்துக்குங்க.