மியூசியம் ஸ்டோர்: பூட்டி வைக்கிறதா, எடுத்துக் காட்டுறதா?

சுவடுதேடி:
சின்ன மியூசியம் ஒன்னுல கலெக்‌ஷன் பாத்துக்கிறேன். காட்சிக்கு வச்சிருக்கிறது கொஞ்சம்தான், மீதியெல்லாம் பின்னாடி ஸ்டோர்ல, துணி, மரச்சிற்பம், காசு, பழைய போட்டோ நெகட்டிவ் எல்லாம் ஒரே ரூம்ல ஒண்ணு மேல ஒண்ணு. ஆராய்ச்சி பண்றவங்க ஒரு பொருள் கேட்டா அதை எடுக்கிறதுக்குள்ள ஏழெட்டுப் பொருளை நகத்தணும், ஒவ்வொரு தடவையும் எது உடையுமோன்னு பதறுது. "யாருக்கும் எடுத்துக் குடுக்காதீங்க, அதான் பாதுகாப்பு"ன்னு மேல சொல்றாங்க. யாரும் பாக்கவே முடியாதுன்னா எதுக்குச் சேத்து வைக்கணும்? புது ரூம் கிடைக்காது, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

அடுக்குமாடம்:
பூட்டு மட்டும் காப்பாத்தாதுங்க. 2023ல பிரிட்டிஷ் மியூசியத்துல சுமார் 2000 பொருள் காணோம், திருட்டு, சேதம்னு வந்துச்சே, அதெல்லாம் ஸ்டோர்ல இருந்ததுதான், நிறையது முழுசா பதிவே ஆகாதது. பதிவுல இல்லாத பொருள் போனா போனதே தெரியாது.

ரோம்ல இருக்கிற இக்ரோம்ங்கிற, பழம்பொருள் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்போட ரீ-ஆர்க் முறையைப் பாருங்க, ஸ்டோரை ஒழுங்குபடுத்துற வழிமுறை அது, காசு இல்லாத சின்ன மியூசியங்களுக்காகவே பண்ணது. எந்தப் பொருளையும் மூணு நிமிஷத்துல கண்டுபிடிக்கணும், அதை எடுக்க ரெண்டு பொருளுக்கு மேல நகத்தக் கூடாது, இந்த ரெண்டையும் அளவுகோலா வச்சுக்கோங்க. முதல்ல கலெக்‌ஷன் இல்லாததை வெளியேத்துங்க, உடைஞ்ச ஷோகேஸ், விக்காத புக்லெட், பழைய பேனர்னு இதுங்களே பாதி ரூமை அடைச்சிருக்கும். அப்புறம் ஒவ்வொரு தட்டுக்கும் நம்பர் போட்டு, பதிவேட்டுல பொருளுக்கு நேரா அந்த நம்பரை எழுதுங்க. பதிவேட்டோட இன்னொரு காப்பி வேற கட்டடத்துல இருக்கட்டும். 2018ல பிரேசில்ல ரியோ தேசிய மியூசியம் எரிஞ்சப்போ அங்க மாணவர்கள், எடுத்த போட்டோ இருந்தா அனுப்புங்கன்னு ஜனங்ககிட்ட கேக்குற நிலைமை வந்துச்சு.

உப்புக்காத்து:
நெகட்டிவ் டப்பாவைத் திறந்தா வினிகர் வாடை வருதா பாருங்க. வந்தா அது அசிடேட்னு ஒரு வகை பிளாஸ்டிக் ஃபிலிம் சிதையுற வாடை, அந்த ஆசிட் ஆவி பக்கத்து நெகட்டிவையும் கெடுக்கும், உடனே பிரிச்சு குளிர்ச்சியான இடத்துக்கு மாத்துங்க. காசு மர பீரோவுலயா இருக்கு? மரத்துலேர்ந்தும் அதே மாதிரி ஆசிட் ஆவி வரும், ஈயக்காசு மேல வெள்ளையா மாவு பூத்த மாதிரி தெரியும், அது அழுக்கு இல்ல, ஈயமே அரிச்சுப் போறது, துடைக்காதீங்க. இரும்பு அலமாரிதான் நல்லது. எதையும் தரையிலயும் வெளிச்சுவர் ஒட்டியும் வைக்காதீங்க, தண்ணி வந்தா முதல்ல அடி வாங்கறது அதுங்கதான்.

சுவடுதேடி:
வாடை வருது! நாளைக்கே பிரிக்கிறேன். ஆனா மேலிடத்தை எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?

திறவுகோல்:
2021ல நெதர்லாந்து ராட்டர்டாம்ல பாய்மன்ஸ்ங்கிற கலை மியூசியத்தோட ஸ்டோரையே ஜனங்க உள்ள போய்ப் பாக்குற மாதிரி திறந்தாங்க. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 2025ல திறந்த ஸ்டோர்ஹவுஸ்ல முன்கூட்டியே புக் பண்ணா அஞ்சு பொருள் வரைக்கும் எடுத்துக் காட்டுறாங்க, ஆராய்ச்சியாளரா இருக்கணும்னு அவசியமே இல்ல. உங்களுக்கு அவ்வளவு பெருசா வேணாம், கதவுக்கிட்ட மெத்து விரிச்ச ஒரு மேசை, வாரத்துல ஒரு நாள், முன்பதிவு, கூடவே ஒரு ஸ்டாஃப், எடுத்ததும் திருப்பி வச்சதும் கையெழுத்தோட ஒரு நோட்டுல, இதை எழுதிக் குடுங்க. கண்ணாடி வச்சு ஸ்டோரையே காட்சியாக்கலாம்னு யாராவது சொன்னா மட்டும் துணிகளை அதுல சேக்காதீங்க, வெளிச்சத்துல போன சாயம் திரும்ப வராது.

அடுக்குமாடம்:
அதோட இப்ப ரூம் இருக்கிற நிலையை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ஒரு பொருளை எடுக்க எவ்வளவு நேரமாகுது, எத்தனை நகத்த வேண்டியிருக்குன்னும் குறிச்சு அந்த லெட்டரோட சேத்துக் குடுங்க.