மழைக்காலத்தில் கேப்சூல் நிரப்ப வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. யாங்கோனில் சின்னதாக ஒரு சித்த மருந்துக் கடை நடத்துகிறோம். திரிகடுகுச் சூரணத்தைக் கேப்சூலில் அடைக்க 100 துளை உள்ள கைமெஷின் வாங்கியிருக்கிறேன். கரண்டு அடிக்கடி போகும் ஊரில் மோட்டார் மெஷின் ஒத்துவராது.

வெயில் காலத்தில் நன்றாகத்தான் வந்தது. மழை பிடித்ததிலிருந்து சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் ஈரம் இழுத்துக்கொள்கின்றன. தட்டில் பரப்பி வழித்தால் தூள் துளைக்குள் இறங்காமல் வாயிலேயே அடைத்துக்கொள்கிறது. அழுத்தினால் நடுவில் உள்ளவை நிறைகின்றன, ஓரத்தில் உள்ளவை பாதிதான். நேற்று பத்தை நிறுத்துப் பார்த்தேன்: ஒன்று 410 மில்லிகிராம், இன்னொன்று 290. 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள கேப்சூலில் சராசரியிலிருந்து 7.5 சதவீதம்தான் கூடக் குறைய இருக்கலாம் என்பது இந்திய மருந்து நூலின் அளவு. நம்பி வாங்குகிறவர்களுக்கு இப்படிக் கொடுக்க மனசு வரவில்லை.

ஜெலட்டின் ஓடும் ஈரத்தில் மெத்தென்று ஆகி, மூடும்போது நசுங்குகிறது. செல்லுலோஸ் ஓட்டுக்கு மாறினால் சரியாகுமா? சூரணத்தைக் காயவைத்து எந்தக் கண் சல்லடையில் சலிக்கிறீர்கள்? அப்புறம், தூள் வழுக்கி இறங்க சிலிக்கா சேர்ப்பவர்கள் கிலோவுக்கு எவ்வளவு போடுகிறீர்கள்? கைமெஷினில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.