கல்லவீ நாட்டுச் செடி மாநாடு: வீக்கெண்டுல போயிட்டு வந்துடலாமா?

கேள்வி: நார்த் கரோலினா, கேரிக்கு வந்து ஆறு மாசம் ஆகுது. கல்லவீங்கற மலை ஊர்ல வருஷா வருஷம் நாட்டுச் செடி (அந்த மண்ணுலயே இயல்பா வளர்ற செடி) மாநாடு நடக்குதுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். ஊர்ல எங்க வீட்டுப் பின்னாடி தோட்டம் உண்டு, ஆனா தாவரவியல் எல்லாம் நான் படிச்சதில்ல. தைரியமா போகலாமா?

பதில்: தாராளமா போங்க. நானும் வீட்டுக்காரரும் ரெண்டு தடவை போயிருக்கோம், ரெண்டு பேருமே சாஃப்ட்வேர்தான். 1984ல இருந்து வெஸ்டர்ன் கரோலினா யூனிவர்சிட்டி வளாகத்துல நடக்குது. பேராசிரியர்கள் வருவாங்க. ஆனா நாங்க பேசிப் பழகினது நர்சரிக்காரங்க, ரிட்டயர்டு டீச்சர்ங்க, வீட்டுல தோட்டம் போடறவங்க கூடத்தான்.

முதல்ல ஒண்ணு. இது வீக்கெண்டுக்குள்ள அடங்காது. ஜூலை நடுவுல புதன்கிழமை ஆரம்பிச்சு சனிக்கிழமை முடியும். வெள்ளி, சனி மட்டும் போனா பேச்சு கேட்கலாம், செடி வாங்கலாம். ஆனா காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போற ஃபீல்ட் டிரிப்தான் இதுல உயிர். அதுக்கு வாரநாள்ல லீவு போட்டே ஆகணும். பதிவு திறந்ததும் அதைத்தான் முதல்ல பிடிக்கணும், இடம் சட்டுனு போயிடும்.

கேரியில இருந்து ஐ-40 ஹைவேல மேற்கே போய், ஆஷ்வில் தாண்டி எக்ஸிட் 27ல இறங்கினா சில்வா ஊர் வழியா கல்லவீ. நாலே முக்கால் மணி நேரம்னு மேப் சொல்லும், சாப்பாட்டுக்கு நிறுத்தினா ஆறு. லைசென்ஸ் புதுசுன்னா மலைப்பாதையில ராத்திரி ஓட்டாதீங்க. ஹெச்-1பி வேலை விசான்னா பாஸ்போர்ட்டும் ஐ-94 (நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு) காப்பியும் பையில இருக்கட்டும்.

ஸ்டூடண்ட் ஹாஸ்டல்லயே தங்கலாம், ஹோட்டலை விட மலிவு. போர்வை, தலையணை அவங்க தருவாங்களா நாம கொண்டு போகணுமான்னு பதிவு பண்ணும்போதே பாருங்க. நான் பார்க்காம போய் முதல் ராத்திரி துப்பட்டாவைப் போர்த்திட்டு நடுங்கினேன். சைவம்னா ஃபார்ம்லயே எழுதிடுங்க. ஒரு டப்பா புளிக்காய்ச்சலும் எடுத்துக்கோங்க.

மலையில சாயங்காலம் ஆனா மழை பிடிச்சுக்கும். ரெயின்கோட், ஷூ, முழுக்கால் பேன்ட் மூணும் கட்டாயம். பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, உண்ணி ஏறும். ராத்திரி குளிக்கும்போது முழங்கால் பின்பக்கம், அக்குள் எல்லாம் தடவிப் பாருங்க. அப்புறம் மூணு மூணு இலையா இருக்கற பாய்சன் ஐவி. நம்ம சேங்கொட்டைக்கும் மாமரத்துக்கும் அது பங்காளி. சேங்கொட்டைப் பால் பட்டா தோல் எப்படிப் பொத்துப்போகும்? அதே மாதிரிதான். பட்டுட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவணும்.

பங்காளின்னு சொன்னேன்ல, எனக்கு அந்த மாநாடே அப்படித்தான் மனசுல பதிஞ்சது. இங்க வந்த புதுசுல எந்தச் செடியைப் பார்த்தாலும் அந்நியமா இருக்கும், பேர் சொல்லிக் கூப்பிட ஒண்ணுகூட இருக்காது. முதல் ஃபீல்ட் டிரிப்ல ஓடைக்கரையில ஒரு செடி. புள்ளி வச்ச ஆரஞ்சுப் பூ, தண்ணி கோத்த மாதிரி தண்டு. அங்கே அதுக்கு ஜூவல்வீட்னு பேர். கூட்டிட்டுப் போனவர் முத்தின காயை என் விரலால தொடச் சொன்னார். படக்குனு வெடிச்சு விதை என் கன்னத்துல அடிச்சது. "இது காசித்தும்பை!"ன்னு தமிழ்லயே கத்திட்டேன். ரெண்டும் இம்பேஷன்ஸ் இனம்தான். பா-பான்னு ஒரு மரம் காட்டினாங்க, பப்பாளின்னு நினைச்சேன். இல்ல, சீத்தாப்பழத்து வம்சம்! அதனால தாவரவியல் பேரைக் காதுல வாங்கிக்கோங்க. உள்ளூர்ப் பேர் நமக்கு ஒண்ணும் சொல்லாது, லத்தீன் பேரைப் பிடிச்சா ஊர்ச்செடி வந்து நிக்கும்.

விற்பனை மேஜையில மில்க்வீட் வாங்கினேன். கிள்ளினா பால் வரும், நம்ம எருக்கோட குடும்பம். எருக்குல வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டை வைக்கும், இதுல அதோட பங்காளி மோனார்க் வைக்கும். ரெண்டே வாரத்துல தண்டெல்லாம் மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பிடுச்சு, எருக்குல பார்ப்போமே, அதேதான். அம்மா பழக்கத்துல வேப்பெண்ணெய் அடிச்சேன். அசுவினியோட சேர்ந்து, இலையடியில இருந்த நாலு குட்டி மோனார்க் புழுவும் செத்துக் கிடந்துச்சு. இப்ப வெறும் தண்ணியைப் பீய்ச்சி விடறேன், அதுவும் புழு இருக்கான்னு பார்த்துட்டுத்தான்.

காட்டுல எதையும் பிடுங்காதீங்க. நேஷனல் பார்க்ல செடி எடுக்கறது குற்றம். இந்த மாநிலத்துல பூச்சி பிடிக்கிற வீனஸ் ஃப்ளைட்ராப்பைக் காட்டுல இருந்து திருடினா 2014ல இருந்து பெரிய கிரிமினல் கேஸே வரும். திரும்பும்போது ஸ்மோக்கி மலை நேஷனல் பார்க்கைப் பார்க்கணும்னா உள்ளே போக டிக்கெட் வேண்டாம், ஆனா கால் மணி நேரத்துக்கு மேல வண்டி நிறுத்தினா நாளைக்கு 5 டாலர் பார்க்கிங் டேக் வாங்கணும்.

கேள்வி: ரொம்ப நன்றிக்கா. அம்மா ஜூன்ல வர்றாங்க, அவங்களையும் கூட்டிட்டுப் போகலாமா?

பதில்: அம்மாவுக்கு முழங்கால் எப்படி? டிரிப் விவரத்துல எவ்வளவு நடைன்னு பார்த்து லேசானதா எடுங்க. எனக்குத் தோணறது, முதல்ல உங்க வீட்டுல இருந்து அரை மணி நேரத்துல இருக்கற சேப்பல் ஹில் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. கட்டணம் கிடையாது, திங்கட்கிழமை மட்டும் லீவு. அங்க அவங்க உற்சாகம் தெரிஞ்சுடும், அதுக்கப்புறம் கல்லவீக்குப் பணம் கட்டலாம்.

இன்னொண்ணு, அவரை விதை, புடலை விதைன்னு பெட்டியில முடிஞ்சு எடுத்துட்டு வரப் போறாங்க. உரிய சான்றிதழ் இல்லாம விதை கொண்டு வரக் கூடாது, ஏர்போர்ட்ல பிடிச்சா பறிமுதல்தான், சொல்லாம மறைச்சா ஃபைனும் உண்டு. இப்பவே போன் பண்ணி சொல்லிடுங்க.